மூன்றாவது இதழை யார் வாங்குவது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். ஆசிரியர்களும் படம் கீறுகிற பிள்ளை உள்ள பெற்றோரும் நேரம் எடுத்தே வாசியுங்கள்.

'சிரித்திரன்' சஞ்சிகையின் பழைய பக்கம் ஒன்றை அவ்வப்போது யாராவது முகநூலில் போடுகிறார்கள். கீழே கருத்துகள் குவிகின்றன. "அது ஒரு காலம்", "இனி இப்படி ஒரு மனிசர் வரமாட்டார்", "இதெல்லாம் இப்ப எங்கே?" என்று. எனக்கும் அந்தப் பக்கங்கள் பிடிக்கும். ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அது எங்களுக்குப் பிடிக்காத பதில். திறமையான பிள்ளைகள் இன்றைக்கும் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதைக் காசு கொடுத்து வாங்குகிற ஆட்கள்தான் குறைவு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிரித்திரனை நடத்தியவர் சி. சிவஞானசுந்தரம். 'சுந்தர்' என்றால்தான் பலருக்குத் தெரியும். 1924இல் கரவெட்டியில் பிறந்தவர். படிக்கப் போன பம்பாயில் கார்ட்டூன் அவரைப் பிடித்துக்கொண்டது. நாடு திரும்பி தினகரனில் 'சவாரித்தம்பர்' வரைந்து பெயர் எடுத்தார். பெரிய பத்திரிகையில் ஓர் இடம் கிடைத்தால் அநேகமானோர் அதோடு நின்றுவிடுவார்கள். அவர் நிற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் இதே கொழும்பில் சொந்தமாக ஒரு நகைச்சுவை இதழைத் தொடங்கினார். பிறகு அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். நாடு சிரிக்கிற நிலையில் இல்லாத வருடங்களிலும் அந்த இதழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். 1996இல் காலமானார்.

அவருடைய பாத்திரங்களின் பெயர்களைக் கேளுங்கள்: சவாரித்தம்பர், சின்னக்குட்டி, மைனர் மச்சான், மெயில்வாகனத்தார், மிஸிஸ் டாமோடிரன். கடைசிப் பெயர் தாமோதரன்தான். ஆங்கில மோகத்தில் அந்தப் பெயருக்கே கால் கை முறிந்துவிட்டது. ஒரு பெயரை வைத்தே ஒரு வர்க்கத்தைச் சிரிக்க வைத்த மனிதர் அவர். தம்பர் பேசுவது தம்பர் வீட்டு முற்றத்துத் தமிழ். சென்னைப் பத்திரிகைகளின் தமிழ்தான் தமிழ் என்று பலர் நினைத்திருந்த காலத்தில் இதைச் செய்தார்.

இதை ஏன் அவரால் செய்ய முடிந்தது? பக்கம் அவருடையது. "இந்தச் சொல் மற்ற ஊர் ஆட்களுக்கு விளங்காது, மாற்று" என்று சொல்ல மேலே ஒரு ஆள் இல்லை. சுயாதீனக் கலைஞர் என்ற சொல்லை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். தனியாக, யாருடைய துணையும் இல்லாமல் நிற்கிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒருவராலும் நிற்க முடியாது. தன் பாத்திரம் எந்த மொழியில் பேச வேண்டும், எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்கிறவர் சுயாதீனக் கலைஞர். அதற்கான செலவும் அவர் தலையில்தான்.

அந்தச் செலவைப் பற்றித்தான் நாங்கள் பேசுவதே இல்லை. கதை எழுதுகிறவருக்குப் பேனை போதும். சித்திரக்கதை செய்கிறவருக்கு ஒரு பக்கமே சில நாள் வேலை. அச்சுக்குப் போனால் நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் பிரதி அடித்தாலும் தொடக்கச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே குறைவாக அடிக்கிறவருக்கு ஒரு பிரதியின் செலவு பயங்கரமாக ஏறும். பிறகு கடையில் கொண்டுபோய் வைத்தால் கடைக்காரருக்கு ஒரு பங்கு. மிச்சக் காசும் விற்ற பிறகுதான். விற்காதது திரும்பி வீட்டுக்கு வந்து கட்டிலுக்குக் கீழே கிடக்கும்.

சிற்றிதழ் நடத்திய யாரையாவது கேட்டுப் பாருங்கள். முதல் இதழை நண்பர்களும் சொந்தக்காரர்களும் வாங்குவார்கள். வெளியீட்டு விழாவில் மாலை, பொன்னாடை, படம் எடுத்தல் எல்லாம் நடக்கும். இரண்டாவது இதழை அதில் பாதிப் பேர் வாங்குவார்கள். மூன்றாவது இதழை யார் வாங்குவது? நம்மூரில் நிறைய இதழ்கள் இரண்டாவதோடு நின்றதற்கும், நின்ற பிறகு நாங்கள் அவற்றைப் போற்றிப் பதிவு போடுவதற்கும் காரணம் இந்தக் கேள்விதான்.

சிங்களப் பக்கத்தைப் பாருங்கள். 1970களிலிருந்து அங்கே சித்திரக்கதைப் பத்திரிகை என்றே ஒரு தனி உலகம் இருந்தது. பஸ்ஸில், சலூனில், தேநீர்க் கடையில் எல்லாம் வாசித்தார்கள். கமிலஸ் பெரேராவின் 'கஜமன்' அந்த உலகத்தின் பிள்ளை. தன் பெயரையும் கஜமனின் பெயரையும் தலைப்பில் போட்டே அவர் 'சத்சிறி' பத்திரிகையைக் கொண்டுவந்தார். 2023இல் அந்தக் கஜமன் முப்பரிமாண அனிமேஷன் படமாகத் திரையரங்குக்கே வந்துவிட்டான். ஒரு கோட்டுச் சித்திரம் இத்தனை வருடம் உயிரோடு இருந்தது என்றால், வாராவாரம் காசை நீட்டி வாங்கிய சாதாரண சனங்களும் அதற்குக் காரணம்.

தமிழில் எங்களுக்கு வேறு ஒரு பாதை அமைந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. என் வாப்பாவின் வயதுக்காரர்கள் மாயாவியைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்தப் பதிப்பகத்தார் இன்றுவரை விடாமல் செய்வது பெரிய சேவை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாயாவி இங்கிலாந்துச் சித்திரக்கதையின் மொழிபெயர்ப்பு. பெரும்பாலும் மொழிபெயர்ப்பையே வாசித்து வளர்ந்ததால், சித்திரக்கதையின் நாயகன் எப்போதும் வெளியூர்க்காரன் என்று எங்கள் மனதில் பதிந்துவிட்டது. அவன் ஆமர் வீதியில் பஸ் ஏறமாட்டான். புறக்கோட்டையில் விலை பேசமாட்டான். அவன் உம்மா அவனை "மகன்" என்று கூப்பிடமாட்டார்.

இப்போது என் வகுப்புக்கு வருகிறேன். நான் தமிழ் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் குறைந்தது இரண்டு பேர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படம் கீறுகிறார்கள். பெரும்பாலும் ஜப்பான் அனிமே முகங்கள், பெரிய கண், கூரான தலைமுடி. போன வருடம் ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரி. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒரு சி.ஆர். கொப்பி முழுக்க, கட்டம் கட்டமாகப் பிரித்து, தான் குடியிருக்கும் தொடர்மாடியைக் கதையாகக் கீறியிருந்தாள். தண்ணீர் மோட்டார் பழுதாகி மூன்று நாள் தண்ணீர் வராத கதை. மூன்றாம் மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி, இரண்டாம் மாடியில் ஒரு உம்மும்மா, ஹட்டனிலிருந்து வந்து கடையில் வேலை செய்யும் ஓர் அண்ணன், சிங்களத்தில் ஏசும் வாட்சர். ஒவ்வொருவரும் அவரவர் பேச்சில் பேசுகிறார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சைக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பது வேறு தமிழ். சுந்தர் என்று ஒருவர் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் செய்திருந்தாள். ஒரு தடவை வாசிக்கப் பத்து ரூபா என்று அந்தக் கொப்பியை வகுப்பில் வாடகைக்கு விட்டிருந்தாள். பாட நேரத்தில் கைமாறியதால் ஒருநாள் அது பறிமுதலானது. பறித்ததில் நியாயம் இருந்தது. கொப்பியை வாங்கிப் போக வந்த அவளது உம்மா என்னிடம் கேட்டார்: "எந்த நேரமும் படம் கீறிக்கொண்டுதான் ஈக்கிறாள் டீச்சர். இதால சோறு தின்ன ஏலுமா?"

நல்ல கேள்வி. கணவர் வெளிநாட்டில், வீட்டு வாடகை, ரியூஷன் காசு, மின்சாரக் கட்டணம் என்று மாதத்தை எண்ணி எண்ணி ஓட்டுகிற ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்வி. "உங்கள் கனவைத் துரத்துங்கள்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தத் தாயின் முன்னால் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். அன்று நான் சொன்னதோடு, பிறகு யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலாவது, உண்மையைச் சொல்வோம். சித்திரக்கதையை மட்டும் நம்பிச் சோறு தின்பது கஷ்டம். எங்கள் நாட்டில் மட்டுமில்லை, பணக்கார நாட்டிலும் கஷ்டம். அமெரிக்காவில் ஹார்வி பீக்கர் என்று ஒருவர் இருந்தார். கிளீவ்லாந்து நகரத்தில் முன்னாள் இராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் கோப்பு அடுக்குகிற எழுதுவினைஞர். 1976இல் சொந்தக் காசில் ஒரு சித்திரக்கதை இதழைத் தொடங்கினார். பறக்கிற வீரர்கள் இல்லை. சுப்பர்மார்க்கட்டில் வரிசையில் நிற்பது, கந்தோரில் நடக்கிற பேச்சு, காசு போதாமை, தனிமை, இவைதான் கதை. பீக்கருக்குப் படம் வரையவே தெரியாது என்பதுதான் இதில் அதிசயம். குச்சி மனிதர்களைக் கீறி வசனம் எழுதிக் கொடுப்பார், ரொபர்ட் கிரம்ப் போன்ற நண்பர்கள் வரைவார்கள். பெயர் வந்த பிறகும் வேலையை விடவில்லை. ஓய்வு பெறும்வரை அதே ஆஸ்பத்திரியில் கோப்பு அடுக்கினார். 2003இல் அவர் வாழ்க்கை படமாக வந்தது. 2010இல் காலமானார்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான். படம் கீறுகிற பிள்ளை கணக்கும் படிக்கலாம், வேலைக்கும் போகலாம். ஒன்றுக்காக மற்றதை வெட்டத் தேவையில்லை. வேலைக்குப் போவதால் கலைஞர் தாழ்ந்துவிடுவதும் இல்லை. சொல்லப்போனால் பீக்கரின் கதைகளே அந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் வந்தன. நாங்கள் பிள்ளைகளிடம் 'டொக்டரா, ஆர்ட்டிஸ்டா' என்று கேட்கிறோம். இப்படி இரண்டில் ஒன்றைக் கேட்டால் பிள்ளை பயந்துபோய் பென்சிலை வைத்துவிடும். ஆறாம் தரத்தில் சித்திரம் எடுக்கிற எத்தனை பிள்ளைகள் சாதாரண தரம் வரும்போது "ஸ்கோப் இல்லை" என்று அதை விட்டுவிடுகிறார்கள் என்று சக ஆசிரியர்களுக்கே தெரியும்.

இரண்டாவது, எங்கள் வீடுகளுக்கே உரிய ஒரு கேள்வி. "உருவம் கீறலாமா டீச்சர்?" இதை அந்தத் தாயும் மெதுவாகக் கேட்டார். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமா இல்லை. உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. தங்கள் மனதுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கேட்டு நடப்பதே முறை. என் வேலை வேறு ஒன்றைக் காட்டுவது. சித்திரக்கதை என்பது முகம் மட்டுமில்லை. வசனம், கட்டங்களைப் பிரிக்கிற ஒழுங்கு, தெரு, கட்டடம், துறைமுகத்தின் பாரந்தூக்கி, மழை, இருட்டு எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஒரு கோடுகூட வரையாத பீக்கர் சித்திரக்கதைக்காரர் என்றால், எழுதுகிற பிள்ளையும் சித்திரக்கதைக்காரிதான்.

ஹன்தலாவைத் தெரியாதவர்கள் எங்களில் இன்று குறைவு. காஸாவுக்காகப் பலர் புரொஃபைல் படமாகப் போட்ட, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற சிறுவன். பலஸ்தீனக் கார்ட்டூனிஸ்ட் நாஜி அல் அலி 1969இல் குவைத்தில் இருந்தபோது அவனை உருவாக்கினார். 1973க்குப் பிறகு அவன் எங்களுக்கு முதுகைத்தான் காட்டுகிறான். முகம் இல்லை. பத்து வயதில் நாட்டை விட்டு வெளியேறிய நாஜி அல் அலியைப் போலவே அவனுக்கும் என்றைக்கும் வயது பத்து. வரைந்தவர் 1987 ஜூலையில் லண்டனில் சுடப்பட்டு அடுத்த மாதம் இறந்தார். முகமே இல்லாத ஒரு சிறுவன் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் உலகம் முழுக்க நிற்கிறான். படம் கீறுகிறது வீண்வேலை என்று சொல்கிறவர்களே அவனைத் தங்கள் புரொஃபைலில் வைத்திருப்பதையும் நான் பார்த்தேன்.

மூன்றாவது, பிள்ளைகள் பைத்தியமாக இருக்கிற அந்த ஜப்பானையே எடுப்போம். எங்கள் பிள்ளைகள் அங்கிருந்து கண்ணையும் தலைமுடியையும் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்க வேண்டிய முக்கியமான விசயம் வேறு. தோக்கியோவில் 1975இலிருந்து 'கொமிக் மார்க்கட்' என்று ஒரு சந்தை நடக்கிறது. பெரிய நிறுவனங்கள் இல்லாமல், சாதாரண ஆட்கள் தாங்களே அச்சடித்த சித்திரக்கதைகளை மேசை போட்டு விற்கிறார்கள். இன்று இலட்சக்கணக்கானோர் அங்கே போகிறார்கள், போய் வாங்குகிறார்கள். பின்னாளில் பெயர் பெற்ற சிலர் இப்படிச் சின்னப் புத்தகம் விற்றுத்தான் தொடங்கினார்கள். 'கிளாம்ப்' என்ற பெண்கள் குழு அதற்கு ஓர் உதாரணம். அங்கே வாசகர் என்றால் காசு கொடுப்பவர் என்றே அர்த்தம். வகுப்பில் பத்து ரூபா கொடுத்து அந்தக் கொப்பியை வாசித்த பிள்ளைகளுக்கு இது விளங்கியிருக்கிறது. பெரியவர்களுக்குத்தான் விளங்கவில்லை.

சரி, சித்திரக்கதை இல்லாவிட்டால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். என் பதிவின் முக்கியமான இடம் இதுதான்.

கொட்டாஞ்சேனையில் கால் வைத்தால் ஒரு பக்கம் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், ஒரு பக்கம் புனித லூசியா பேராலயம், கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயில், பள்ளிவாசல்கள், பன்சலை. 1883இல் ஒரு உயிர்த்த ஞாயிறன்று பௌத்தர்களுக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் நடந்ததும் இங்கேதான். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்ததை இந்த ஒழுங்கைகளில் இருக்கிற வயதானவர்கள் இன்றும் மெதுவான குரலில்தான் சொல்கிறார்கள். 2019 ஏப்ரல் 21 காலை கொச்சிக்கடைக் குண்டுச் சத்தத்தைக் கேட்ட பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அபாயா போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போது எங்கள் பெண்களுக்கு இருந்த நடுக்கமும் இதே ஊர்க் கதைதான். 2020இல் கொவிட் என்று சொல்லி எங்கள் மையித்துகளை எரித்ததும், பிறகு ஓட்டமாவடியில் அடக்கியதும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரு சமூகமே வெளியேற்றப்பட்டு மூட்டையோடு நடந்ததும், எல்லாமே படமாகச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கக்கூடியவை. பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு எத்தனை வரி இருக்கிறது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

வன்னிப் போரைப் பற்றி 'வன்னி' என்றே ஒரு சித்திரக்கதை நூல் 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், போர்க்காலத்தில் வன்னியில் ஐ.நா. பணியில் இருந்தவர். வரைந்தவர் லின்ட்சே பொலக். தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களை வைத்து ஒரு குடும்பத்தின் கதையாகச் செய்திருக்கிறார்கள். மரியாதைக்குரிய வேலை. வெளியே இருந்து வந்தவர்கள் என்பதற்காக நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே இருக்கிறவர் வரைந்தால் வேறு ஒன்று கிடைக்கும். காஷ்மீரில் ஒரு கைவினைக் குடும்பத்துப் பையன் மாலிக் சஜாத் சின்ன வயதிலேயே பத்திரிகைக்குக் கார்ட்டூன் வரையத் தொடங்கி, 2015இல் 'முன்னு' என்ற நூலில் தன் பிள்ளைப் பருவத்தையே சித்திரக்கதையாக்கினான். அதில் காஷ்மீரிகளை ஹங்குல் மானாக வரைந்திருக்கிறான், அழிந்துகொண்டு போகிற, அந்த மண்ணுக்கே உரிய மான். அந்த மானை வெளியூர் ஆள் யோசித்திருக்க மாட்டார். எங்கள் கதைக்கு எங்கள் மான் எது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் மோட்டார் கதை கீறுகிற ஒரு பிள்ளைக்கு ஒருநாள் தெரியவரலாம். அதுவரை அவள் கீறிக்கொண்டிருக்க வேண்டும். என் கவலை அதுதான்.

சில ஆட்சேபனைகள் வரும். முன்கூட்டியே பதில் சொல்கிறேன்.

"இப்ப யார் அச்சடிக்கிறாங்க? இணையத்தில் இலவசமாகப் போடலாமே." போடலாம், போடட்டும். ஆரம்பிக்க அது நல்ல இடம். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாட்டில் அச்சை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். ஆனால் லைக் போட்டு யாரும் நிறப் பென்சில் வாங்க முடியாது. இணையத்தில் போடுகிறவருக்கும் நேரம் வேண்டும், சாப்பாடு வேண்டும், டேட்டா வேண்டும். இலவசமாகப் பார்த்து இரசித்தால், அவர் ஒரு சின்னப் புத்தகம் போடும்போதாவது வாங்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், புத்தகம் வந்த கிழமையே அதை ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆகப் போடுவது. "நல்ல விசயம் நாலு பேருக்குப் போகட்டும்" என்று நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். நூலகம் நிறுவனத்தார் பழைய இதழ்களை எண்ணிம வடிவில் காப்பாற்றி வைப்பது வேறு. அவர்கள் இல்லாவிட்டால் சிரித்திரனை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டிருக்காது. ஆனால் இன்று உயிரோடு இருந்து இன்றைய கடனில் அச்சடித்த ஒருவரின் புத்தகத்தைச் சுற்றுக்கு விடுவது, அவரது மூன்றாவது இதழைக் கொல்வது.

"தரம் இல்லையே டீச்சர். வெளிநாட்டுக் கொமிக்ஸ் மாதிரி வருமா?" வராது. முதலாவதிலேயே யாருக்கும் வரவில்லை. முதல் இதழ் சுமார், ஐந்தாவது பரவாயில்லை, பத்தாவது நல்லது என்றுதான் கலை வளரும். பத்தாவது வரவேண்டுமென்றால் சுமாரான முதலாவதை யாராவது வாங்கியிருக்க வேண்டும். ஹோட்டலில் கொத்து சரியில்லை என்றாலும் அடுத்த கிழமை போகிறோம். புத்தகத்துக்கு மட்டும் முதல் தடவையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

"இந்த விலைவாசியில் புத்தகமா?" இதற்கு நான் சத்தம் போட்டு வாதாட மாட்டேன். ஏலாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கவில்லை. பிறந்தநாள் கேக்குக்கும் பாடசாலைப் பிரியாவிடைக்கும் காசு சேர்க்கிற, என்னையும் சேர்த்த, எங்களிடம் கேட்கிறேன்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம்.

பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு வருடா வருடம் கண்ணாடிச் சாமானும் அகராதியும் வாங்குகிறோம். அதில் ஒரு பங்குக்கு உள்ளூர் ஓவியர்களின், எழுத்தாளர்களின் புத்தகம் வாங்கலாம். ஒரு பாடசாலை இருபது பிரதி வாங்கினால் அந்தக் கலைஞருக்கு அது ஒரு இதழின் மூச்சு.

ஏ4 தாள் நான்கை இரண்டு பக்கமும் போட்டோக்கொப்பி எடுத்து நடுவில் மடித்தால் பதினாறு பக்கச் சின்னப் புத்தகம். வகுப்பில் எழுதுகிற பிள்ளை, கீறுகிற பிள்ளை, அழகான எழுத்துள்ள பிள்ளை மூவரையும் சேர்த்துவிட்டால் ஒரு தவணைக்கு ஒன்று செய்யலாம். தமிழ்ப் பாடத்துக்கும் சித்திரப் பாடத்துக்கும் ஒரே நேரத்தில் பயிற்சி. ஆனால் அதை இலவசமாகக் கொடுக்காதீர்கள். விலை போடுங்கள், இருபது ரூபாவாவது. செய்தவர்களுக்கே அந்தக் காசு போகட்டும். தன் வேலைக்கு விலை உண்டு என்று ஒரு பிள்ளைக்குச் சின்ன வயதில் தெரிவது ஒரு பாடம். மற்றவர் வேலைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று வாங்குகிற பிள்ளைக்குத் தெரிவது அதைவிடப் பெரிய பாடம்.

கொப்பியில் படம் கீறுகிற பிள்ளையைப் பிடித்தால், பாட நேரம் என்றால் கண்டியுங்கள். அது எங்கள் கடமை. கொப்பியைக் கிழிக்காதீர்கள். இடைவேளையில் கூப்பிட்டு, "அடுத்தது என்ன நடக்கும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கதை கீறுகிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பெற்றோரே, பிள்ளை கலைஞர் ஆகுமா என்று இப்பவே முடிவு கட்டாதீர்கள். படிக்கட்டும், தொழில் பழகட்டும், கூடவே கீறட்டும்.

கடைசியாக, சிரித்திரன் பக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுந்தருக்கு இனி நாங்கள் எதுவும் கொடுக்க முடியாது. இன்று இதே கொழும்பிலோ, மட்டக்களப்பிலோ, மலையகத்திலோ, யாழ்ப்பாணத்திலோ யாராவது ஓர் இளைஞனோ யுவதியோ சின்னதாக ஒரு சித்திரக்கதை போட்டு, விலையைக் கீழே எழுதிப் பதிவு போட்டிருப்பார்கள். அங்கே "வாழ்த்துகள், தொடருங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்து போகாதீர்கள். எப்படித் தொடர்வது? வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கேளுங்கள். முதல் இதழை மற்றவர்கள் வாங்கிவிடுவார்கள். நீங்கள் மூன்றாவது இதழுக்கும் ஆளாக இருங்கள்.

அப்படி யாரையாவது தெரிந்தால் கீழே கருத்தில் அவர்களின் பக்கத்தைப் போடுங்கள். இந்த மாதம் என்னால் முடிந்தது இரண்டு பிரதி. நீங்களும் உங்களால் ஏலுமானதைச் சொல்லுங்கள்.